வீசம் பிடித்த வெறுங்கை

அந்தக் காலத்தில் எண்கள் இப்போதுபோல் கரும்பலகையில் ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. அவர்களுக்கென்று ஓர் ஊர் இருந்தது. காலையில் எழுந்து வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் வீடு திரும்புவார்கள், எதிர்வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் வம்பு பேசிவிட்டுத் தூங்குவார்கள். நினைத்தாலே எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இன்றைக்கு எண்களிடம் விடை மட்டும்தான் கேட்கிறோம். சாப்பிட்டாயா என்று யார் கேட்கிறார்கள்?

ஊரின் கிழக்கே முழு எண்களின் தெரு. மேற்கே பின்னங்களின் தெரு. ஒன்றில் பாதி அரை, அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. இன்னும் சின்னச் சின்னதாக எத்தனையோ பேர் அந்தத் தெருவில் இருந்தார்கள். அந்தப் பெயர்களில் முக்காலே மூணு வீசம் இன்று யார் வாயிலும் வருவதில்லை. எவ்வளவு அழகான பெயர்கள்!

அந்த ஊரில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஊர் அவர்களை ஒரே பெயரால் கூப்பிடும். அரையும் காலும் சேர்ந்து நடந்து வந்தால், "என்ன முக்கால், எங்கே கிளம்பிட்டீங்க?" என்பார்கள். அதுதான் கூட்டல். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. விலகி நடந்தால் அவரவர் பெயர் அவரவருக்கு வந்துவிடும்.

கை கோப்பது வேறு. அதுதான் பெருக்கல், அங்கே அதுதான் கல்யாணம். மணமேடையில் கை கோத்த உடனே பிள்ளை வந்துவிடும். நம்மைப்போல் பத்து மாதம் காத்திருக்கிற வழக்கம் எண்களுக்குக் கிடையாது. அப்பாவின் கையில் இருப்பதை அம்மாவின் அளவால் அளந்து எடுத்தால் என்ன வருமோ, அதுதான் பிள்ளை. முழு எண்களின் வீட்டில் பிள்ளைகள் பெற்றவர்களைவிடப் பெரிதாகப் பிறந்தார்கள். ஐந்தும் ஏழும் கை கோத்தால் முப்பத்தைந்து பிறக்கும், அன்றைக்கே வாசல் நிலையை இடித்து உயர்த்த வேண்டும். பின்னங்களின் வீட்டிலோ பிள்ளை எப்போதும் பெற்றவர்களைவிடச் சின்னதுதான். பெருக்கல் என்று பேர் வைத்துக்கொண்டு சுருங்கிக்கொண்டே போகிறார்களே என்று கிழக்குத் தெருக்காரர்கள் கேலி செய்வார்கள்.

மேற்குத் தெருவில் அரை என்று ஒருவர் இருந்தார். வாலிப வயதில் அவர் கிழக்குத் தெருவுக்குப் போய் இரண்டின் வீட்டில் பெண் கேட்டார். இரண்டில் அரைப் பங்கு ஒன்று. முழுசாக ஒரு பிள்ளை பிறக்கும் என்ற ஆசை. அவர்கள் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "அரைகுறைக்கெல்லாம் எங்க வீட்டுல பொண்ணு கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரை பிறகு தன் தெருவிலேயே அரைக்கால் என்பவளைக் கட்டிக்கொண்டார். நல்ல மனுஷி. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண்தான் வீசம். ஆனால் இரண்டின் வீட்டு வாசலில் பட்ட அவமானம் அரையின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நமக்குத்தான் வாய்க்கவில்லை, பேரப்பிள்ளையாவது ஒன்றாகப் பிறக்க வேண்டும் என்று நினைத்தார். வீசத்துக்குப் பதினாறு மாப்பிள்ளையாக வந்தால் அது நடக்கும். பதினாறில் வீசம் பங்கு சரியாக ஒன்று.

வீசம் பொன் நிறுக்கும் கடையில் வேலை பார்த்தாள். அவ்வளவு சின்ன எடைக்கு அங்கேதான் மரியாதை. அந்தக் கடையில் தினமும் காலையில், எதையும் நிறுப்பதற்கு முன்னால், வெறும் தட்டில் தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஒருநாள் புதிதாக ஓர் ஆள் வந்தான். எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியவில்லை. உருண்டையான முகம், அமைதியான பேச்சு. அவன் தட்டில் ஏறி உட்கார்ந்தான். முள் அசையவே இல்லை.

"உங்க பேரு?" என்று கேட்டாள் வீசம்.

"சுழியம்."

"எவ்வளவு இருப்பீங்க?" அந்த ஊரில் இது மரியாதையான கேள்விதான்.

"ஒண்ணும் இல்லீங்க."

அடக்கமாகச் சொல்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். உண்மையைத்தான் சொல்கிறான் என்று அவளுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. வேலை முடிந்து இருவரும் ஒரே வழியில் நடந்து வந்தார்கள். எதிரே வந்த பூக்காரி, "என்ன வீசம், வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீசம் அப்படியே நின்றுவிட்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் யாரோடு நடந்தாலும் அவள் பெயர் தனியாக வந்ததில்லை. அப்பாவோடு போனால் அரையே வீசம், அம்மாவோடு போனால் அரைக்காலே வீசம். எப்போதும் யாருடைய பெயரிலோ வால்போல் ஒட்டிக்கொண்டுதான் அவள் வருவாள். இன்றைக்கு ஒருவன் பக்கத்தில் நடந்து வருகிறான், அவள் பெயர் அவளுக்கே முழுசாக இருக்கிறது. எண்ணுக்கு வலப்பக்கம் நின்று அதைப் பத்து மடங்காக்கும் வித்தையைச் சொல்கிறீர்களா? அதெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. அப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவரைக் கூட்டாமல் குறைக்காமல் பக்கத்தில் நிற்பது மட்டும்தான்.

அந்த வாரமே பதினாறின் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அரை கடன்காரனைப்போல் ஓடி ஓடி உபசரித்தார். அந்த ஊரில் பெண் பார்க்கும்போதும் சரி, மணமேடையிலும் சரி, இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பெயர் சொல்லும் சடங்கு உண்டு. பெயர் சொல்பவர் ஒன்று என்ற பெரியவர். அவர் கண்ணில் ஒரு தூசு எடைகூடத் தப்பாது, அவர் வாயில் தப்பான பெயர் வராது. அவர் இருவரையும் பார்த்துவிட்டு, "பதினாறே வீசம்!" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வீசம் தலை குனிந்து உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் போன பிறகு அரை மகளிடம் வந்தார்.

"ஏன்டி முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? பதினாறுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சலே இல்லப்பா. அவரு பக்கத்துல நின்னா நான் இருக்கறதே தெரியல. எனக்குச் சுழியத்தைப் பிடிச்சிருக்கு."

"யாரு, தராசுக் கடையில சும்மா உட்கார்ந்திருக்கானே, அவனா? அவன் கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுல வீசம் பங்கு எடுத்தா உன் பிள்ளைக்கு என்னடி கிடைக்கும்?"

"யாருக்குப்பா தெரியும்? இதுவரைக்கும் ஒருத்தரும் அவரு கையைப் பிடிச்சதில்லையே!"

அது உண்மை. சுழியத்தோடு யாரும் கை கோத்ததில்லை. என்ன பிறக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அரைக்கு மட்டும் பயமாக இருந்தது. அவர் கத்தினார், சாப்பிடாமல் கிடந்தார், வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அம்மா அரைக்கால் அப்படியெல்லாம் செய்யவில்லை. மகளுக்குத் தலை வாரிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க சின்னதாத்தான் பொறக்கும். உன் பிள்ளை அரை வீசமா இருக்கலாம், அதுக்குப் பொறக்கறது அதுலயும் பாதியா இருக்கலாம். எவ்வளவு சின்னதானாலும் உத்துப் பார்த்தா நம்ம சாயல் இருக்கும். நம்ம வம்சம் தேயும்டி, தீராது. எனக்கு அது போதும்."

இந்தப் பேச்சு வீசத்தின் மனசைப் பிடித்துக்கொண்டது. தன் முகத்தோடு ஒரு பிள்ளை வேண்டும் என்று அவளுக்கும் கொள்ளை ஆசை. மறுநாள் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து சுழியத்திடம் இதைச் சொல்லி அழுதாள்.

"எனக்கு ஒண்ணாப் பொறக்க வேண்டாம். பெருசா இருக்க வேண்டாம். மூக்கோ காதோ, ஏதாவது ஒண்ணு என்னை மாதிரி இருந்தாப் போதும்."

சுழியம் தராசுத் தட்டிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "நீ வேணும்னா பதினாறுக்கே சரின்னு சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றான்.

"அது என்னால முடியாது" என்றாள் அவள்.

சுழியத்தோடு கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். பெண் கண் கலங்கி நிற்கும்போது எந்த அப்பாவால் எவ்வளவு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க முடியும்?

இப்போது முந்திரி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயசத்தில் மிதக்கிற முந்திரி இல்லை. முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்கு அந்தக் காலத்தில் முந்திரி என்று பெயர். அவர் எந்த வழியில் மாமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாக் கல்யாணத்திலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவ்வளவு சின்ன ஆள் என்பதால் யாரும் அவரோடு கை கோத்ததில்லை. வீசம் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு விளையாட்டுக் காட்டியது அவர்தான். அவள் அவரைவிட இருபது மடங்கு பெரியவள். தூக்கிக் கொஞ்ச முடியாததால் அவள் காதருகே உட்கார்ந்து கதை சொல்லுவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் சுழியத்தைத் தேடி வந்தார்.

"மாப்ளே, கையை விரிங்க. நான் உள்ளே உட்கார்ந்துக்கறேன்."

"எதுக்கு மாமா?"

"வெறுங்கையைப் பிடிச்சா என்ன பொறக்குமோ, எனக்குப் பயமா இருக்கு. உள்ளே நான் இருந்தா கை வெறுங்கை இல்லையே. எவ்வளவு கொஞ்சம்னாலும் இருக்கறது இருக்கறதுதான். அதுல அவ பங்குன்னு ஒரு துளி வரும், அந்தத் துளியில அவ முகம் இருக்கும்."

"கை கோத்துட்டா அதுக்கப்புறம் நீங்க வெளியே வர முடியாதே?"

"வெளியே இருந்து நான் என்ன பெருசா வாழ்ந்துட்டேன்? எனக்குன்னு ஒரு கை கிடைச்ச மாதிரி இருக்கட்டும். ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒத்துக்க மாட்டா."

சுழியத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தராசின் பக்கத்தில் அவள் அழுத அழுகை அவன் காதிலேயே இருந்தது. அவன் கையை விரித்தான். முந்திரி மாமா ஏறி உட்கார்ந்தார். கை மூடிக்கொண்டது.

இவ்வளவு சின்னதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் ஒருநாளும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சின்னதே தெரியாது. சின்னவர்களாகவே வாழ்ந்து, யார் கண்ணிலும் படாமல் பழகிப்போனவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்வார்கள்.

மறுநாள் காலையில் மணமேடையைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. அரை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீசமும் சுழியமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒன்று எழுந்தார். அவர் சொல்ல வேண்டிய பெயர் ஊருக்கே தெரியும், ‘வீசம்’ என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அவர் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வீசமே முந்திரி!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வீசம் சிரிக்கவில்லை. அவள் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"முந்திரி மாமா எங்கே? எல்லாக் கல்யாணத்துக்கும் முதல்ல வருவாரே, என் கல்யாணத்துக்கு வரலையா?"

அவள் பார்வை சுழியத்தின் கையில் வந்து நின்றது. அது இறுக மூடியிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையைத் திறங்க" என்றாள்.

அவன் திறந்தான். உள்ளங்கை நடுவில் முந்திரி மாமா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதேம்மா. யோசனை என்னோடது" என்றார் அவர்.

"நீ அழுததை என்னால தாங்க முடியல வீசம்" என்றான் சுழியம். "உன் பிள்ளைக்கு உன் முகம் வரணும்னுதான்."

"நாளைக்கு உங்க பக்கத்துல நான் நடந்து வந்தா ஊரு என்னை என்னன்னு கூப்பிடும்?"

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தூணில் சாய்ந்திருந்த அரை எழுந்து மேடைக்கு வந்தார். பதினாறு வேண்டும், முழுப் பேரன் வேண்டும் என்று ஊரையே அதட்டிய மனுஷன், மகளின் முன்னால் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டும்டி. அவரைக் கையை மூடிக்கச் சொல்லு. ஊரு பார்த்ததுன்னா பார்த்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணு வேண்டாம், அரை வேண்டாம். கண்ணுக்கே தெரியாத அளவா இருந்தாலும் சரி, உன் முகத்தோட ஒரு பேரப்பிள்ளை வேணும். உங்கம்மா முகத்தோட. எனக்கு அது போதும்டி."

அப்பா இப்படிக் கெஞ்சி வீசம் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழுதாள், ஊரே பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். மேடையில் இருந்த யாரும் அவளைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுழியத்தின் கையிலிருந்து முந்திரி மாமாவை மெதுவாக எடுத்து, அப்பாவின் தோளில் உட்கார வைத்தாள்.

"அப்பா, மாமா இவரு கைக்குள்ளே இருந்தா இவரு இவரா இருக்க மாட்டாரு. வேற யாரோ ஆயிடுவாரு. நான் ஆசைப்பட்டது இவரை."

"அப்ப பிள்ளைக்கு ஆசையில்லையா உனக்கு?"

"இருக்குப்பா. இப்பவும் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் சுழியத்தின் வெறுங்கையைப் பிடித்தாள்.

பிள்ளை பிறந்தது. அப்பாவைப்போலவே உருண்டையாக, அமைதியாக. அழக்கூட இல்லை. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்துக் குத்துவிளக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். அம்மா அரைக்கால் மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பி, விரல் விரலாகத் தேடினாள். எவ்வளவு சின்னதானாலும் உற்றுப் பார்த்தால் சாயல் இருக்கும் என்று சொன்னவள் அவள்தானே. வெகுநேரம் தேடிவிட்டுக் குழந்தையை மகளிடம் கொடுத்தாள்.

அரை பக்கத்தில் வந்து நின்றார்.

"பேரு என்ன வைக்கப் போறே?"

"சுழியம்."

"அவரு பேரேவா?"

"வேற என்னப்பா இருக்கு வைக்க?"

அவர் தலையை ஆட்டினார். மேல்துண்டை எடுத்து உதறி, குழந்தைக்குக் காற்றுப் படாமல் போர்த்திவிட்டார்.

பிறகு அந்த ஊரில் யார் யாரோ சுழியத்தின் வம்சத்துப் பிள்ளைகளைக் கை பிடித்துப் பார்த்தார்கள். நமக்காவது வேறு மாதிரி வராதா என்று முக்கால் பார்த்தாள், கால் பார்த்தாள், கிழக்குத் தெருவிலிருந்து நூறும் ஆயிரமும்கூட வந்து பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே உருண்டை முகம்தான். வருஷங்கள் போய் வீசத்துக்கு முடி நரைத்த பிறகு, பொன் நிறுக்கும் கடையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டாளாம், "வருத்தமா இல்லையாக்கா?" என்று.

"இல்லாம இருக்குமா? சில நாள் ரொம்ப இருக்கும்" என்றாளாம் வீசம். "ஆனா அந்தக் கையைத் திறந்து பார்த்துட்டுத்தானே பிடிச்சேன்."

வீசத்தின் கல்யாண நாள் முதல்தான், முக்காலோ காலோ வீசமோ, எந்தப் பின்னம் சுழியத்தோடு பெருகினாலும் விடை சுழியமாகவே வருகிறது. கைபிடித்தவளின் சாயல் அதில் துளிகூட இருப்பதில்லை.